சத்தமில்லாத வண்டியும் இறங்கச் சொல்லும் தெருவும்

1

'பேட்டரி வண்டிக்குச் சாதி தெரியாது' என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் மேடைக்கு மேடை பேசிக்கொண்டு திரிகிறார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை, கியர் இல்லை, கிளட்ச் இல்லை. ஆம்பளை, பொம்பளை, கிழவன், கிழவி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆகவே இது ஜனநாயக வண்டி என்கிறார்கள். வண்டிக்குச் சாதி தெரியாதுதான். மாட்டு வண்டிக்கும் தெரியாது, சைக்கிளுக்கும் தெரியாது. ரோட்டுக்குத் தெரியுமே, அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?

இந்த நம்பிக்கை புதுசும் இல்லை. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே 1853இல், நியூயார்க்கில் வெளியான பத்திரிகை ஒன்றில் மார்க்ஸ் எழுதினார்: ரயிலோடு கூட வரும் நவீனத் தொழில், சாதிக்கு அஸ்திவாரமாக இருக்கும் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று. நூற்றெழுபது வருஷம் ஓடிவிட்டது. ரயில் வந்தது. ரயிலோடு கக்கூசும் வந்தது. தண்டவாளத்தில் விழுந்த பீயை அள்ள ரயில்வே நிர்வாகம் யாரைக் கூப்பிட்டது? பரம்பரை வேலைப் பிரிவினை கரையவில்லை. சம்பளப் பட்டியலில் ஏறியது. எந்திரம் வந்தால் சாதி போகும் என்கிறவர்கள், எந்திரத்துக்கு அடியில் யார் படுத்துக் கிடக்கிறான் என்று குனிந்து பார்ப்பதில்லை.

நான் மின்சார ஸ்கூட்டருக்கு எதிரி இல்லை. மூணு வருஷமா ஓட்டுறேன். ஓட்டுகிறவன் என்கிற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். வண்டி நல்ல வண்டி. அதை வாங்குற வழி, சார்ஜ் போடுற இடம், ஓட்டிக்கிட்டுப் போற தெரு, அது கழுவிவிட்டதாகச் சொல்லுகிற அழுக்கு போய்ச் சேருகிற இடம், இதையெல்லாம் பேசாமல் வண்டியை மட்டும் தனியாக எடுத்துக் கொண்டாடினால் அந்தக் கொண்டாட்டத்துக்கு நான் வர முடியாது.

2

வண்டியின் வரலாறு நமக்கு வேற. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் சக்கரம், ரதம், நீராவி எந்திரம், மோட்டார் என்று போகும். நம்ம வரலாற்றில் யார் ஏறலாம், யார் இறங்கணும் என்றுதான் போகும்.

1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கி, மாடு பூட்டி, புலையர்கள் நடக்கவே கூடாது என்று விலக்கி வைத்த பொதுப்பாதையில் ஓட்டிக்கொண்டு போனார். அடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார். சும்மா ஊர் சுற்றப் போன பயணம் இல்லை அது. வண்டியில் உட்கார்ந்து போவதே அன்றைக்குப் போராட்டம்.

1901இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போகிறார். பிள்ளைகள் மகர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் ஒருத்தன் ரெட்டைக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறான். எப்படி? வண்டியை நீங்களே ஓட்டிக்கணும், நான் பக்கத்தில் நடந்து வருவேன் என்று. காசு வாங்கத் தீட்டில்லை, கூட உட்காரத் தீட்டு. 1929இல் அவர் பாரிஸ்டர். சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒரு மகர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. சீமையில் படித்த படிப்பெல்லாம் ஒரு குதிரை வண்டிக்காரனின் சாதிக்கு முன்னால் நிற்கவில்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். படிக்காத மாணவர்கள் இன்றைக்கே தேடிப் படிக்கணும்.

1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு எல்லாம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் நிறைவேறியது. நூறு வருஷம் முடிஞ்சுபோச்சு. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள்? பட்டியல் சாதிக்காரர் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்புப் போடுவதைத் தடுப்பது குற்றம். புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பது குற்றம்.

நண்பர்களே, இதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பி முடித்த நாட்டின் நாடாளுமன்றம், மனுசன் சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்காதே என்று தனியாக ஒரு உட்பிரிவு எழுத வேண்டியிருந்தது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை. எழுதியும் என்ன? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் கல்லூரியில் படிக்கிற தலித் பையன் ஒருவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் புகார் கொடுத்தது. ஓட்டுகிற கையைத்தான் வெட்டியிருக்கிறார்கள். இதற்கு அப்புறமும் வண்டிக்குச் சாதி கிடையாது என்று பாட்டுப் பாடுகிறவன் வாயை என்னவென்று சொல்வது?

3

சரி, ஓட்டுவது எப்படி இருக்கு? அதையும் சொல்றேன்.

பட்டனை அழுத்தினால் திரை எரியும். எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கு, எத்தனை கிலோமீட்டர் போகும் என்று காட்டும். வண்டி கிளம்பிடுச்சா இல்லையா என்றே தெரியாது. உதைக்கத் தேவையில்லை, உறுமல் இல்லை, காலுக்கடியில் நடுக்கம் இல்லை. ஆக்சிலேட்டரை லேசாத் திருகினால் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளிவிட்ட மாதிரி போகும். பெட்ரோல் வண்டி மெல்ல மெல்லத்தான் வேகம் எடுக்கும். இதில் முதல் திருகலிலேயே முழு இழுவை. ஆக்சிலேட்டரை விட்டால் தானே மட்டுப்படும், அப்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். காத்து காதில் பேசுவது கேட்கும். ராத்திரியில் ஏரிக்கரை மேல் போனால் தவளைச் சத்தம் கேட்கும். வண்டி ஓட்டிக்கொண்டே தவளைச் சத்தம் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சந்தோசமா இருந்தது. மறைக்க என்ன இருக்கு?

ஆனால் அந்தச் சத்தமின்மையைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கு.

ஐந்தாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த பாஹியான் எழுதி வைத்திருக்கிறார். சண்டாளர்கள் ஊருக்குள், சந்தைக்குள் நுழையும்போது ஒரு கட்டையைத் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டே வர வேண்டும். சத்தம் கேட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். அன்றைக்குச் சத்தம் போடாமல் வந்தால் குற்றம். இன்றைக்குச் சத்தம் போட்டு வந்தால் குற்றம். 'காலனிப் பையனுங்க சைலன்சரைப் பிடுங்கிட்டு ஓட்டுறானுங்க, வீட்டுல குந்த முடியல' என்று ஊர்க்காரர்கள் புகார் சொல்லாத ஊர் இருக்கா? அதே சைலன்சரைப் பிடுங்கிவிட்டு அவன் வீட்டுப் பையன் ஓட்டினால் 'சின்னப் பையன், ரத்தம் துள்ளுது.' கட்டையைத் தட்டு என்று சொன்னதும் அவன்தான், சைலன்சரை மாட்டு என்று சொல்றதும் அவன்தான். நம்ம சத்தத்தை எப்போதும் இன்னொருத்தன்தான் கூட்டுகிறான், குறைக்கிறான்.

ஐரோப்பாவில் 2019லிருந்து புதிதாக வரும் மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். கண் தெரியாதவர்கள், குழந்தைகள் மேல் மோதிவிடக் கூடாது என்பதற்காக. அது மனுச உயிரைக் காப்பாற்றச் சத்தம். பாஹியான் பார்த்தது மனுசனை விலக்கி வைக்கச் சத்தம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் பேசுகிற அரசியல்.

எங்க ஊரில் பஸ் நிறுத்தத்திலிருந்து காலனிக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். எங்க தாத்தா காலத்தில் அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகணும், செருப்பைக் கையில் எடுத்துக்கணும். எங்க அப்பா காலத்தில் இறங்காமல் போனதற்கு அடி வாங்கினார்கள், திருப்பியும் கொடுத்தார்கள், வழக்கும் நடந்தது. அதற்கப்புறம் யாரும் இறங்குவதில்லை. முதல் வாரம் நான் ஸ்கூட்டரில் போனபோது திண்ணையில் இருந்த பெரியவர் ஒருத்தர் சொன்னார்: 'ஏம்பா, இந்த வண்டிதான் நல்லாக்கீது. வரதே தெரியல, போறதே தெரியல. எல்லாம் இதையே வாங்கிட்டா ஊரு அமைதியா இருக்கும்.'

பாராட்டு மாதிரிதான் கேட்டது. ஆனால் 'வரதும் தெரியக்கூடாது, போறதும் தெரியக்கூடாது' என்பது இரண்டாயிரம் வருஷத்து ஆசை அல்லவா? நான் ஹாரனை ஒரு தடவை நல்லா அழுத்திவிட்டுப் போனேன். அந்த ஹாரன் என் வண்டியோடு வந்தது, சட்டப்படி பொருத்தியது, காசு கொடுத்து வாங்கியது.

4

இந்த வண்டிக்குச் சோறு மின்சாரம். காலனிக்கு வரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் வண்டியைப் பற்றிப் பேசுகிறவன் எங்கேயோ அபார்ட்மெண்டில் உட்கார்ந்து பேசுகிறான்.

டிரான்ஸ்பார்மர் எங்கே இருக்கு? ஊரில். கடைசிக் கம்பம் எங்கே இருக்கு? காலனியில். கம்பி நீள நீள வோல்டேஜ் இறங்கும். சாயங்காலம் ஊரில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் மிக்சியும் ஓடும்போது எங்க தெரு டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும். தொகுப்பு வீட்டில் போட்ட வயரிங் ரெண்டு பல்புக்கும் ஒரு மின்விசிறிக்கும் போட்டது. எர்த் கம்பி இருக்கா என்று தேடிப் பாருங்கள். இதில் நாலைந்து மணி நேரம் ஸ்கூட்டர் சார்ஜ் போடணும்.

எங்கே போடுவது? கம்பெனி கொடுக்கிற கையேட்டில் காற்றோட்டமான இடத்தில், வீட்டுக்கு வெளியே, வெயில் மழை படாமல் நிறுத்தி சார்ஜ் போடுங்கள் என்கிறான். போர்ட்டிகோ இருக்கிறவனுக்கு எழுதிய கையேடு அது. ஒத்தை அறை வீட்டில் வண்டி உள்ளே வந்தால் ஆயா வெளியே படுக்கணும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி அப்பாவும் மகளும் செத்துப்போனார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக ரெண்டு கட்டமாக அவை நடைமுறைக்கு வந்தன. விதி பேட்டரிக்கு வந்தது. வீட்டுக்கு வரவில்லை. சின்ன வீட்டில் இருக்கிறவன் உயிரைப் பணயம் வைத்து சார்ஜ் போடணும், பெரிய வீட்டில் இருக்கிறவன் சொவர்ல பொட்டி மாட்டிப் போடுவான். இதுவா ஜனநாயக வண்டி?

ஒரு நாள் ராத்திரி பூரா காலனிப் பக்கம் மட்டும் கரண்ட் இல்லை. காலையில் இருந்த சார்ஜோடு போய், சாயங்காலம் திரும்பும்போது ஊர்த்தெரு முனையில் வண்டி நின்னுடுச்சு. பெட்ரோல் வண்டி என்றால் ஒரு பாட்டிலில் வாங்கி ஊத்திக்கலாம். கரண்டைப் பாட்டிலில் வாங்க முடியாது. நூத்திப் பத்து கிலோ வண்டியை அந்தத் தெரு நீளத்துக்கும் தள்ளினேன். திண்ணையிலிருந்து ஒரு குரல்: 'பார்றா, பழைய மரியாத திரும்பி வருது.' சிரிப்பு. நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டுச் சொன்னேன்: 'பெரியவரே, சார்ஜ் இல்லாம தள்றேன். ஒங்களுக்குப் பயந்து தள்ளல. ஒங்க வீட்ல ஒரு பிளக்கு குடுங்க, அரை மணி நேரம் போட்டுக்கறேன். யூனிட்டுக்குக் காசு தரேன்.' சிரிப்பு நின்னுடுச்சு. யாரும் பிளக் கொடுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கூட நடந்து வந்த 1901ஆம் வருஷத்து வண்டிக்காரன் இவர்களைவிட ஒரு படி மேல்.

மின்சாரத்தை எதற்குப் பயன்படுத்தணும் என்று சாதிக்குத் தெரியும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகள் வராமல் தடுக்கச் சுவர் கட்டினார்கள். 2008இல் அந்தச் சுவர் மேல் மின்கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். போராட்டத்துக்குப் பிறகு அந்த வருஷம் மே 6ஆம் தேதி சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதே மின்சாரம்தான். ஊரில் இருந்து நம்மை நோக்கி வரும்போது சுவரில் பாயும், நம் வண்டிக்கு வேண்டுமென்றால் பிளக் பாயின்ட் இல்லை.

5

மானியம் கொடுத்தோம் என்கிறது அரசு. கொடுத்தார்கள். யாருக்கு?

2019 ஏப்ரலில் தொடங்கிய பேம் இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு ஒதுக்கீடு 10,000 கோடி ரூபாய். 2021 ஜூனில் ஸ்கூட்டர் மானியத்தை பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். வண்டி விலையில் 40 சதவீதம் வரை. 2023 ஜூனில் 10,000 ரூபாய், 15 சதவீதம் வரை என்று வெட்டினார்கள். 2024 மார்ச்சோடு திட்டமே முடிந்தது. அந்த வருஷம் அக்டோபரில் வந்த புதுத் திட்டத்தில் அப்போது 5,000 ரூபாய்தான் இருந்தது. அதாவது லட்ச ரூபாயை முதலில் எடுத்து வைக்க முடிந்தவன், 2021 ஜூனிலிருந்து ரெண்டு வருஷத்தில் வாங்கியவன் நெறய வாங்கினான். கூலி வேலைக்குப் போகிறவன் இந்த வண்டி நிக்குமா, ஓடுமா, எரியுமா என்று பார்த்துவிட்டு வாங்க வரும்போது இலை எடுத்தாச்சு.

கடன் தரானே என்பீர்கள். நான் வாங்கப் போன கதையைக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் கொடுத்தேன். பையன் கம்ப்யூட்டரில் முகவரியைத் தட்டினான். 'அண்ணே, உங்க ஏரியா நெகட்டிவ் ஏரியான்னு காட்டுது' என்றான். கடன் கட்டாதவன் நான் என்று காட்டவில்லை. என் தெரு நெகட்டிவ். பழைய காலத்தில் நிழல் பட்டால் தீட்டு, இப்போ பின்கோடு பட்டால் தீட்டு. ஊரில் கடை வைத்திருக்கும் நண்பர் முகவரியைக் கொடுங்கள், வேலை முடியும் என்று அந்தப் பையனே யோசனை சொன்னான். நான் கொடுக்கவில்லை. கூட்டுறவு சங்கத்தில் ஒரு வருஷம் சேர்த்து, மீதிக் கடன் வாங்கி எடுத்தேன். ஆர்சி புத்தகத்தில் காலனி என்றுதான் இருக்கு. இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. எங்க பக்கத்துக் காலனிகளில் பத்தாவது, ஐடிஐ படித்த பையன்கள் கையில் இருக்கும் ஒரே சொந்தத் தொழில் மெக்கானிக் வேலை. ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு புங்க மரத்து நிழலும் இருந்தால் போதும். ஊர்க்காரனும் வண்டி ரிப்பேர் என்றால் அங்கேதான் வந்து நிற்கணும். 'அண்ணே, கொஞ்சம் பாருங்க' என்று சொல்லித்தான் ஆகணும். மின்சார ஸ்கூட்டரில் இன்ஜின் இல்லை, கார்புரேட்டர் இல்லை, ஆயில் மாற்றும் வேலை இல்லை. பழுதைக் கண்டுபிடிக்கக் கம்பெனியின் லேப்டாப் வேண்டும், கம்பெனியின் மென்பொருள் வேண்டும், அதைக் கம்பெனி வெளியே தராது. வேதத்தைக் காதால் கேட்டால் ஈயத்தைக் காய்ச்சி ஊத்து என்றானே, அது மாதிரி இப்போ மென்பொருளுக்குப் பூட்டு. பழுது பார்க்கும் உரிமையும் தகவலும் வெளிக்கடைப் பையன்களுக்கு வேண்டும் என்று கேட்பது நம்ம கோரிக்கையாக வராமல் வேறு யார் கோரிக்கையாக வரும்?

6

அப்புறம் 'பசுமை.' நம்பர் பிளேட்டே பச்சை. இந்தப் பச்சையைத்தான் நான் ரொம்பவும் சந்தேகப்படுகிறேன்.

தமிழ்நாட்டில் தலித்துக்கு முதலில் வந்து சேர்ந்த மின்சார வண்டி எது? ஸ்கூட்டரா? இல்லை. குப்பை அள்ளும் பேட்டரி வண்டி. ஊராட்சிக்கு ஊராட்சி, நகராட்சிக்கு நகராட்சி மூணு சக்கர வண்டியைக் கொடுத்து, அமைச்சர் கொடியசைத்து, போட்டோ எடுத்துப் போட்டார்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்த வண்டி. அதை ஓட்டுகிற அக்காக்கள் யார்? வண்டி மாறியது, வாளி மாறியது, ஆள் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் ராத்திரி பகலாகப் பதிமூணு நாள் உட்கார்ந்தார்கள். எங்க வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, நிரந்தரம் பண்ணு என்று கேட்டார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பேட்டரி வண்டி கொடுக்கும்போது பகலில் விழா, வேலை கேட்கும்போது ராத்திரியில் கைது.

2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் சுத்த சைவத்துக்குத் தனிப்படை என்று அறிவித்தது. சைவ உணவகத்துச் சாப்பாட்டை மட்டும் தூக்குகிற ஆட்கள், பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையை வாபஸ் வாங்கினார்கள். தனிப்படையை வாபஸ் வாங்கவில்லை. சுத்தம், பசுமை, சைவம், மணமில்லை, புகையில்லை, சத்தமில்லை. இந்தச் சொற்களெல்லாம் ஒன்றாகச் சேரும்போது பார்ப்பனியத்தின் மூச்சுக்காத்து நமக்குக் கேட்கணும். மாட்டுக்கறி வாசம் என் தெருவை 'அசுத்தம்' ஆக்கியது. இப்போ பெட்ரோல் வாசமும் அதே பட்டியலில் சேர்கிறது. நாளைக்குப் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறவன் சூழல் விரோதி என்பான். பழைய வண்டியை யார் வைத்திருப்பான்? மூணாவது கையாக வாங்கின நம்ம ஆள்தான்.

புகை இல்லை என்பது பாதி உண்மை. வண்டியின் பின்னால் புகை இல்லை. புகை எண்ணூர்ப் பக்கம், நெய்வேலிப் பக்கம் இருக்கு. நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் எரிந்துதான் நம்ம மின்சாரத்தில் பெரும் பங்கு வருது. சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில் படிகிறது, அங்கே மீன் பிடிக்கிற, கூலி வேலை செய்கிற ஜனங்களின் மூச்சில் படிகிறது. அண்ணா நகரில் காத்து சுத்தமாகும், எண்ணூரில் அடுப்பு எரியும். ஊர் சுத்தமா இருக்க சேரி அழுக்கைச் சுமக்கணும் என்கிற பழைய ஏற்பாடு மின்கம்பி வழியாகவும் நடக்குது. செத்த பேட்டரியை நாளைக்குப் பிரிக்கப்போவது யார்? பேட்டரிக் கழிவை உற்பத்தியாளரே திரும்ப எடுத்துக்கொள்ளணும் என்று 2022இல் விதி போட்டிருக்கிறார்கள். செத்த மாட்டைத் தூக்க யாரைக் கூப்பிட்டார்களோ அவர்களைத்தான் செத்த பேட்டரிக்கும் கூப்பிடுவார்கள். இப்போதே மாட்டேன் என்று சொல்லி வைப்போம்.

தொழிற்சாலையும் இங்கேதான். ஓசூர், ராணிப்பேட்டை, போச்சம்பள்ளி. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஆலை கட்டி, பத்தாயிரம் பெண்கள் நடத்தும் ஆலை என்று 2021இல் அறிவித்தார்கள். நல்லது. நிரந்தரம் எத்தனை பேர், ஒப்பந்தம் எத்தனை பேர், அதில் நம்ம பெண்கள் எத்தனை பேர் என்கிற கணக்கையும் அதே மாதிரி விளம்பரம் கொடுத்துச் சொல்லட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்றால் 'திறமை' பேசுகிறவர்கள், நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் அரசிடம் வாங்கும்போது திறமை பேசுவதில்லை. அவர்களுக்கு நூறு நூறாக ஏக்கர் கிடைக்கிறது. காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994இல் நமக்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்று ரெண்டு உயிர்.

7

'அப்போ இந்த வண்டியே வேண்டாம் என்கிறீங்களா?' என்று கேட்கும் தோழர்களுக்கு: நான் எங்கே சொன்னேன்? வேணும். எல்லாருக்கும் வேணும்.

கட்டட வேலைக்கு தினமும் போய்வர அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிற கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு நூறு ரூபாய்க்கு மேல் போகும். இதில் ரெண்டு யூனிட், பத்து ரூபாய் சுமாருக்கு முடியும். மாசத்துக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அது ஒரு பிள்ளையின் கல்லூரி ஹாஸ்டல் செலவு. நூறாள் வேலைக்கும் நர்சிங் காலேஜுக்கும் டவுன் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்கும் பெண்களுக்கு இது கால். என் தங்கச்சி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். இப்போது நான் வண்டி கேட்டு அவளிடம் நிற்கிறேன். நம்ம ஆம்பளைகளுக்கும் ஒன்று சொல்லணும்: ஊர்த்தெருவில் இறங்க மாட்டோம் என்று மார்தட்டிவிட்டு, வீட்டுப் பெண்ணிடம் 'ஒனக்கெதுக்கு வண்டி' என்று சாவியைப் பிடுங்குகிறவன் அம்பேத்கர் படத்தை வண்டியில் ஒட்டத் தகுதி இல்லாதவன்.

'தலித்துகளும் நுகர்வு மோகத்தில் விழுந்துவிட்டார்கள்' என்று வருத்தப்படும் அறிவுஜீவிகள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளணும். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது டி.வி.யை உடைத்தார்கள், மின்விசிறியை உடைத்தார்கள், தையல் எந்திரத்தை உடைத்தார்கள். 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நாய்க்கன்கொட்டாய்ப் பக்கம் மூணு காலனியில் வீடுகளோடு சேர்த்து வண்டிகளையும் கொளுத்தினார்கள். அதற்கடுத்த மாசமே ஒரு கட்சித் தலைவர் ஜீன்ஸ், டீ சர்ட், கூலிங்கிளாஸ் என்று நம்ம பையன்கள் போடுவதைப் பட்டியல் போட்டுக் குற்றம் சொன்னார். நம் வீட்டுப் பொருள் மீது அவனுக்கு இருக்கும் ஆத்திரத்தைப் பார்த்தால் தெரியும், அது வெறும் பொருள் இல்லை என்று. நாம் சேர்ப்பது நுகர்வு என்றால், அவன் கொளுத்துவதற்கு என்ன பேர்?

1943இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, மின்சாரத் துறையையும் அண்ணல் அம்பேத்கர் கவனித்தார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கணும், அது யார் கையில் இருக்கணும் என்பதை முதலில் முடிவு செய்யணும் என்று அன்றைக்கே வாதாடினார். ஆகவே மின்சாரம் நமக்கு யாரோ போடுகிற பிச்சை இல்லை. அதில் நம்ம தலைவனின் உழைப்பும் இருக்கு.

எனவே கேட்போம். 2024இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. நமக்கான நிதியை நமக்கே செலவழிக்கணும் என்பதுதான் அந்தச் சட்டம். அதிலிருந்து ஒவ்வொரு காலனியிலும் எர்த் போட்ட, கூரை போட்ட பொதுச் சார்ஜ் கொட்டகை ஒன்று கட்டு. ஊர்க் கோயில் திடலில் வேண்டாம், காலனியில் கட்டு. ஊர்க்காரர்களும் வந்து சார்ஜ் போட்டுக்கொள்ளட்டும், நாங்கள் பிளக் மறுக்க மாட்டோம். காலனிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வை. தொகுப்பு வீடுகளின் வயரிங்கை மாற்று. நிலத்தின் பேரில், தெருவின் பேரில் கடன் மறுக்கும் நிறுவனங்கள் மேல் நடவடிக்கை எடு. நம்ம மெக்கானிக் பையன்களுக்கு மின்சார வண்டி பழுது பார்க்கப் பயிற்சியும் கருவியும் கொடு. குப்பை வண்டி ஓட்டும் தூய்மைப் பணியாளரை நிரந்தரம் செய். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததை எழுதி வாங்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதி எல்லாருக்கும் தெரியும். மாணவர்கள் மனுவைத் தயார் பண்ணட்டும், ஆயாக்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.

அதுவரைக்கும் வண்டி ஓடும். பெட்ரோலில் ஓடுகிறவன் பெட்ரோலில் ஓட்டட்டும், கரண்டில் ஓடுகிறவன் கரண்டில் ஓட்டட்டும். ஊர்த்தெரு நடுவில் ஓட்டு. தலை நிமிர்ந்து ஓட்டு. எவன் சொன்னாலும் இறங்காதே.